தனியாகச் செய்வதும் தானாகச் செய்வதும்

வெளியே கிளம்ப வேண்டிய நேரம். இரண்டரை வயதுக் குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டப் பார்க்கிறது. இடது காலுக்கானது வலது காலில் ஏறியிருக்கிறது. நாம் குனிந்து கையை நீட்டியதும் காலை இழுத்துக்கொண்டு, ‘நானே!’ என்று கத்துகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறோம். பொறுமை போய்விடுகிறது. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து நாமே மாட்டிவிடுகிறோம். கொஞ்சம் அழுகை, பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது.

அதே குழந்தைக்குப் பத்து வயதாகும்போது, ‘உன் பையை நீயே எடுத்து வைக்கக் கூடாதா? எல்லாவற்றையும் நான்தான் சொல்ல வேண்டுமா?’ என்று நாமே கேட்கிறோம். அன்று ‘நானே’ என்று கத்திய குழந்தை எங்கே போனது?

குழந்தைக்கு ஊக்கத்தை எப்படி ஊட்டுவது என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். நான் அந்தக் கேள்வியை வேறு இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். நடை பழகும் குழந்தையை யாரும் பரிசு காட்டி நடக்க வைப்பதில்லை. அது விழுகிறது, எழுகிறது, சுவரைப் பிடிக்கிறது, மறுபடி விழுகிறது. நாள் முழுவதும் அதே வேலை. சலிப்பே இல்லை. ஊக்கம் அங்கே முதலிலேயே இருக்கிறது. ஆகவே நாம் தேட வேண்டியது அதை ஊட்டும் வழியை அல்ல. வீட்டில் அது எந்தெந்த இடத்தில் அணைகிறது என்பதை.

பேரம் என்ன செய்கிறது?

உளவியலில் ஊக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒரு வேலையை அந்த வேலையின் சுவைக்காகவே செய்தால் அது உள்ளார்ந்த ஊக்கம். மணலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடும் குழந்தைக்கு யாரும் கூலி தர வேண்டியதில்லை. பரிசு, மதிப்பெண், திட்டு, பயம் என்று வேலைக்கு வெளியே இருக்கும் ஒன்றுக்காகச் செய்தால் அது புற ஊக்கம். இவை இரண்டும் கூட்டல் கணக்குப் போலச் சேரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பிடித்த வேலைக்கு மேல் பரிசும் கிடைத்தால் அது இன்னும் பிடிக்கும் அல்லவா? அப்படி நடப்பதில்லை.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட, மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், வண்ணப் பேனாவால் படம் வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள். தங்க நிற முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் அது. இரண்டாம் பிரிவிடம் ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, அதே பேனாக்களை வகுப்பறை மேசையில் வைத்துவிட்டு, யார் தானாக வந்து வரைகிறார்கள் என்று தள்ளி நின்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரு பிரிவினரும் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவே இல்லை.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. சான்றிதழ் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். ஆசையைக் கெடுத்தது, ‘இதைச் செய்தால் அதைத் தருகிறேன்’ என்ற பேரம். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாக மாறியது. கூலி நின்றதும் வேலையும் நின்றுவிட்டது.

இன்னும் சிறிய குழந்தைகளிடமும் இது தெரிகிறது. ஒருவர் கைதவறிப் போட்ட பொருளை எடுத்துத் தர ஒன்றரை வயதுக் குழந்தை தானாகவே முன்வரும். வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். ஃபீலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இருபது மாதக் குழந்தைகள் சிலருக்கு இப்படி உதவியதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு பொருளைப் பரிசாகக் கொடுத்தார்கள். பரிசை நிறுத்திய பிறகு அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. கொடுக்கும் மனத்தை நம் கொடையாலேயே குறைத்துவிட முடிகிறது!

இதைச் சொன்னவுடன், ‘அப்படியென்றால் பரிசே கூடாதா?’ என்ற கேள்வி வரும். 1999இல் 128 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, முன்பே சொல்லி வைத்துக் கொடுக்கும் பொருள்பரிசு உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைப்பதும், அந்தப் பாதிப்பு கல்லூரி மாணவர்களைவிடக் குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. இந்த முடிவுகளோடு வாதாடிய ஆய்வாளர்களும் உண்டு. ஆசையே இல்லாத வேலையில் பரிசு கெடுப்பதற்கு அதிகம் ஒன்றும் இல்லை என்பதும் நியாயமான பேச்சு. பல் தேய்க்க அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒரு வாரம் நட்சத்திரம் ஒட்டிக் காட்டுவதால் உலகம் முழுகிவிடாது. ஆனால் படிப்பதையும் வரைவதையும் பிறருக்கு உதவுவதையும் அந்த நட்சத்திரப் பட்டியலில் ஏற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஒரு சொல் வித்தியாசம்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் 1970களிலிருந்து இந்தத் துறையில் உழைத்து ஒரு கோட்பாட்டை உருவாக்கினார்கள். மனிதருக்கு ஊக்கம் தழைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது அதன் சாரம். இதை நான் விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு ஒன்று. இது என்னால் முடிகிறது என்ற உணர்வு இரண்டாவது. எனக்கு வேண்டியவர்கள் என்னோடு இருக்கிறார்கள் என்ற உணர்வு மூன்றாவது.

முதலாவதைத்தான் பெற்றோர் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தற்சார்பு என்றால் குழந்தை யாருடைய துணையும் இல்லாமல் தனியாக எல்லாம் செய்வது என்று நினைக்கிறோம். தமிழில் இதைச் சொல்ல நல்ல வசதி இருக்கிறது. தனியாகச் செய்வது வேறு. தானாகச் செய்வது வேறு. அறைக்குள் ஒற்றையாக உட்கார்ந்து, அப்பா வந்து பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் கணக்குப் போடும் பிள்ளை தனியாகச் செய்கிறது, தானாகச் செய்யவில்லை. ‘இந்த இடம் மட்டும் புரியவில்லை, சொல்லித் தருகிறீர்களா?’ என்று அம்மாவிடம் வந்து கேட்கும் பிள்ளை தனியாகச் செய்யவில்லை, ஆனால் தானாகச் செய்கிறது. வீட்டில் நாம் வளர்க்க வேண்டியது இந்த இரண்டாவது பிள்ளையை. முதல் பிள்ளை வெளிப்பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். பயம் விலகிய நாளில் புத்தகமும் விலகிவிடும்.

மூன்றாவது தேவையான உறவை இங்கே கூடுதல் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். பழக்கமில்லாத இடத்தில் சிறு குழந்தை எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். சில அடி போகும், திரும்பி அம்மாவைப் பார்க்கும், பிறகு இன்னும் சில அடி போகும். திரும்பிப் பார்க்க ஆள் இருப்பதால்தான் அது அவ்வளவு தூரம் போகிறது. குழந்தைக்குத் தற்சார்பு வர வேண்டும் என்பதற்காக விலகி நிற்பது, அழும்போது கண்டுகொள்ளாமல் விடுவது, ‘உன் பாடு’ என்று சொல்வது எல்லாம் எதிர் விளைவையே தரும்.

எல்லை வைத்தால் ஊக்கம் போய்விடுமா?

போகாது. எல்லையை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1984இல் ரிச்சர்ட் கோஸ்ட்னரும் ரயனும் மற்றவர்களும் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளை வண்ணம் தீட்ட வைத்தார்கள். இடத்தை அழுக்காக்கக் கூடாது என்ற விதி இரண்டு பிரிவுக்கும் பொது. ஒரு பிரிவிடம் அதைக் கட்டளையாகச் சொன்னார்கள். இன்னொரு பிரிவிடம், வண்ணத்தை வாரி இறைப்பது ஜாலியாகத்தான் இருக்கும் என்று தெரியும், ஆனால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் இந்த இடமும் பொருள்களும் நன்றாக இருக்க வேண்டும் என்ற தொனியில் சொன்னார்கள். கட்டளை கேட்ட குழந்தைகளுக்கு வண்ணம் தீட்டும் ஆசை குறைந்தது, படங்களும் சோபை இழந்தன. காரணம் கேட்ட குழந்தைகளோ எந்த விதியும் இல்லாத பிரிவைப் போலவே ஆசையோடு வரைந்தார்கள்.

இதை வீட்டுக்குக் கொண்டுவருவது கடினம் இல்லை. முதலில் குழந்தையின் மனநிலையை ஒப்புக்கொள்ளுங்கள்: ‘விளையாட்டைப் பாதியில் விட மனம் வராதுதான்.’ பிறகு காரணம்: ‘இப்போது தூங்கினால்தான் காலையில் எழ முடியும்.’ அதன் பிறகு அது முடிவெடுக்க ஒரு சிறிய இடம்: ‘முதலில் பல் தேய்க்கிறாயா, உடை மாற்றுகிறாயா?’ தூங்குவது பேச்சுவார்த்தைக்கு உரியதல்ல. அதற்குள் எதை முன்னே செய்வது என்பது குழந்தையுடையது. ஆனால் போலித் தேர்வு வேண்டாம். ‘நீயாகப் படிக்கிறாயா, இல்லை அடிவாங்கிப் படிக்கிறாயா?’ என்பது தேர்வு அல்ல, மிரட்டல். இரண்டு வயதுக் குழந்தையும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்ற பழமொழியைக் கட்டளைக்குச் சாட்சியாக இழுப்பவர்கள் உண்டு. அதே பழமொழியை நான் வேறு பக்கத்துக்குச் சாட்சியாக அழைப்பேன். ஐந்தில் பழகியது ஐம்பது வரை நிற்கும் என்றால், ஐந்தில் முடிவெடுக்கப் பழகட்டும். சொன்னதை மட்டும் செய்யப் பழகினால் அதுவும் ஐம்பது வரை நிற்கும்.

சாரம் கட்டுவதுபோல

கட்டடம் எழும்போது சுற்றிலும் சாரம் கட்டுவார்கள். சுவர் தானாக நின்றதும் பிரித்துவிடுவார்கள். 1976இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு செய்யச் சொல்லித் தந்தபோது, பெரியவர் தரும் உதவிக்கு இந்தச் சாரத்தைத்தான் உவமையாகச் சொன்னார்கள். குழந்தை திணறினால் உதவி ஒரு படி கூடும்; அதற்குப் பிடி கிடைத்ததும் ஒரு படி குறையும். இதற்குப் பின்னால் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி பல ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன கருத்தும் இருக்கிறது: குழந்தையால் இன்று தனியே முடிவதற்கும், துணையோடு முடிவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, கற்றல் நடப்பது அந்த இடைவெளியில்தான்.

பெற்றோரின் கைகளுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. ஒன்று முழுவதும் விட்டுவிடுகிறோம், அல்லது முழுவதும் பிடுங்கிக்கொள்கிறோம். பிடுங்குவதன் விலை பெரிது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் புதிர் ஒன்றில் திணறும்போது பெரியவர் தானே வாங்கி முடித்துக் கொடுத்தால், அடுத்து வரும் கடினமான வேலையை அந்தக் குழந்தைகள் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள் என்று 2021இல் ஜூலியா லெனார்டும் மற்றவர்களும் செய்த ஆய்வு காட்டியது. முடிந்த புதிரை விட, ‘இது உன்னால் ஆகாது’ என்ற செய்திதான் குழந்தையின் மனத்தில் தங்குகிறது. நாம் வாய் திறந்து அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டோம்.

சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் துணியை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளலாம். துளையில் நுழைப்பது குழந்தை. அடுத்த வாரம் பிடிப்பதையும் விட்டுவிட்டு, ‘கீழேயிருந்து தொடங்கினால் பொத்தானும் துளையும் சரியாகச் சேரும்’ என்று சொல்வது மட்டும் போதும். அதற்கடுத்த வாரம் வாயையும் மூடிக்கொள்ளலாம். ஒவ்வொரு வாரமும் நாம் இழப்பது சில நிமிடம். அந்த நிமிடங்கள் காலைப் பரபரப்பில் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆகவே புதிதாக எதையும் மாலையில், விடுமுறையில், யாரும் எங்கும் ஓட வேண்டியில்லாத நேரத்தில் பழக்குங்கள். பழகியதைக் காலையில் எதிர்பாருங்கள்.

வீட்டின் உயரமும் கவனிக்க வேண்டியது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் உழைக்கும் குடும்பங்களின் குழந்தைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில் நாற்காலியும் மேசையும் குழந்தைகளின் அளவுக்கே செய்யப்பட்டன, பொருள்கள் அவர்கள் கைக்கு எட்டும் தட்டுகளில் வைக்கப்பட்டன. இன்று சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாடு அன்று புதுமை. வீட்டில் ஒருமுறை முழந்தாளிட்டு, குழந்தையின் கண் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். குடிக்கும் தண்ணீர், டம்ளர், துண்டு, துணி மாட்டும் கொக்கி, விளக்குச் சுவிட்ச் என எத்தனை விஷயங்களுக்கு அது நம்மைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்பது புரியும். ஒரு தாழ்ந்த கொக்கியும் ஒரு சிறிய முக்காலியும் பத்து அறிவுரைக்குச் சமம்.

உண்மையான வேலை கொடுங்கள்

விளையாட்டுச் சாமான்களை அடுக்குவது குழந்தையின் சொந்த வேலை. அதோடு, வீட்டுக்குப் பயன்படும் ஒரு வேலையும் அதன் பெயரில் இருக்க வேண்டும். அது செய்யாவிட்டால் வீட்டில் ஒரு குறை தெரிய வேண்டும். மூன்று வயதில் அழுக்குத் துணியைக் கூடையில் போடலாம். ஐந்து வயதில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைக்கலாம். எட்டு வயதுக்குள் தன் பையைத் தானே அடுக்கவும், அலாரம் வைத்து எழவும் முடியும். பன்னிரண்டு வயதுக்காரர் வீட்டுக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளலாம். வயதுக் கணக்கு கறாரானது அல்ல, உங்கள் குழந்தையைப் பார்த்து முடிவெடுங்கள். மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் மட்டும் வேண்டாம்.

ஒப்படைத்த பிறகு திரும்ப நாமே செய்வது மிகப் பெரிய தவறு. குழந்தை மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்து வைத்தால், அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கோணலாக மடிந்த துணியும் அலமாரிக்குள் இருக்கட்டும்.

பாராட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரை ‘நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிரில் தோற்றபின், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள், புத்திசாலிகள் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணை மற்றவர்களிடம் சொல்லும்போது கூட்டிச் சொன்னவர்களும் இவர்களில்தான் அதிகம். பட்டம் கொடுத்தால் அதைக் காப்பாற்ற வேண்டிய பாரமும் குழந்தைக்கு வந்துவிடுகிறது. நான் பரிந்துரைப்பது பாராட்டைவிட எளிமையான ஒன்று: பார்த்ததைச் சொல்வது. ‘முதலில் கூரையை வரைந்தாய், பிறகு அழித்துவிட்டுச் சுவரிலிருந்து தொடங்கியிருக்கிறாய்.’ இந்த ஒரு வரியில் தன் வேலையை ஒருவர் உண்மையாகப் பார்த்தார் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடும். ‘சூப்பர்’ என்று பத்து முறை சொன்னாலும் அது தெரியாது.

ஓர் எச்சரிக்கை. எதிலும் ஆர்வமில்லாமல் இருப்பதும், முன்பு பிடித்த விளையாட்டும் பிடிக்காமல் போவதும், தூக்கமும் சாப்பாடும் குறைவதும் வாரக்கணக்கில் நீடித்தால் அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எழுத்தோ கணக்கோ மட்டும் எத்தனை முயன்றும் வராமல் இருந்தாலும் அப்படியே. முடியாத பிள்ளையிடம் ஊக்கம் போதவில்லை என்று சொல்வது கொடுமை.

மறந்து வைத்த நோட்டு

குழந்தை தவறு செய்யும்போது கைகட்டி நிற்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கடினம். ஆபத்து என்றால் யோசிக்காமல் குறுக்கே பாயத்தான் வேண்டும்; சாலையும் நெருப்பும் ஆழமான தண்ணீரும் பாடம் கற்கும் இடங்கள் அல்ல. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை குழந்தையால் தாங்கக்கூடியவை. மழைக்கோட்டு எடுக்காமல் போனால் நனையும். சேமிப்பு முழுவதையும் ஒரே பொம்மைக்குக் கொடுத்தால், அடுத்த பொம்மையைப் பார்க்கும்போது கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில், ‘நான் அப்போதே சொன்னேன்’ என்ற வரியை மட்டும் விழுங்கிக்கொண்டால் போதும். சொன்னால் குழந்தையின் கவனம் தன் தவறிலிருந்து நம் மீதுள்ள கோபத்துக்குத் தாவிவிடும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. பையை அடுக்குவது அவள் பொறுப்பு என்று இருவரும் பேசி முடிவு செய்த பிறகு, ஒரு நாள் காலையில் அவள் கிளம்பிப் போன ஐந்தாவது நிமிடம் கணக்கு நோட்டு மேசையில் கிடப்பதைப் பார்த்தேன். ஓடிப் போய்க் கொடுத்திருக்க முடியும். நோட்டைக் கையில் எடுத்து, வாசல் வரை போய், திரும்பி வந்து அதே இடத்தில் வைத்தேன். அன்று பகல் முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. மாலையில் முகம் வாடி வந்தவள், ‘நோட்டை மறந்துவிட்டேன்’ என்றாள். ‘கஷ்டமாக இருந்திருக்கும்’ என்றேன். ‘ஆமாம்’ என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

அடுத்த வாரமும் மறந்தாள், இந்த முறை வண்ணப் பெட்டியை. அன்றிரவு தூங்குவதற்கு முன் ஒரு தாளைக் கிழித்து, எதையோ எழுதி, கதவின் உட்பக்கத்தில் தன் கண் உயரத்தில் ஒட்டினாள். காலையில் குனிந்து படித்தேன். நோட்டு, பெட்டி, தண்ணீர் என்று வரிசையாக எழுதியிருந்தாள். ‘தண்ணீர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தப் போன கையை இழுத்துக்கொண்டேன்.